மற்றக் கை

கொழும்பு
22.05.2009

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கால் வீங்காமல் ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? சண்டை முடிந்ததால் வழியில் செக்கிங் குறைந்திருக்கும் என நினைக்கிறேன்.

நேரில் கேட்க வெட்கமாக இருந்தது, அதனால் எழுதுகிறேன். வார்ட்டில் உங்களைக் கண்களை மூடச் சொல்லி, விரல் நுனிகளைப் பஞ்சால் தொட்டேன். ஒவ்வொரு முறையும் "ஓம், தெரியுது" என்றீர்கள். இடையில் சில தடவை நான் தொடவே இல்லை, உம்மா. கேட்க மட்டும் செய்தேன். அதற்கும் ஓம் என்றீர்கள். எல்லா நோயாளிகளையும் பயிற்சி மாணவிகள் நாங்கள் அப்படித்தான் சோதிப்போம்.

புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்து நரம்பையும் தாக்கும். விரல்கள் மரத்து விறைப்பு இருந்தால் டொக்டர் அளவைக் குறைப்பார். மறைத்தால் உணர்ச்சி திரும்பாமலே போகலாம். அடுத்த மருந்துக்கு முன் அவருக்கு நான் பதில் சொல்ல வேண்டும். உண்மையை எழுதுங்கள்.

மகள் பாஹிமா

சாய்ந்தமருது
29.05.2009

என்ட மகளுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். பெத்த தாய்க்கே பொறி வைக்கிறியா? ஆக்கள் வந்தா அறைக்குள்ள ஒளியிற பிள்ளை, இப்ப டொக்டரோட கதைக்கிறாய். அதில எனக்குச் சந்தோசம்தான்.

ஓம், விறைப்புத்தான். சோத்துப் பானைய வெறுங்கையால இறக்கிட்டன். தோல் கழண்ட பிறகுதான் கண்டன். தொழுகைக்கு வுழு எடுக்கக்குள்ள விரல் இடுக்கில தண்ணி பட்டதா எண்டும் தெரியல்ல, கண்ணால பாத்துப் பாத்துக் கழுவுறன். பள்ளிவாசல் லெப்பையிட்டக் கேட்டனுப்பினன். தண்ணி பட்டாக் காணும், பட்டது தெரியத் தேவல்ல எண்டார்.

ஏன் மறைச்ச எண்டு கேப்பாய். சுனாமியில கடல் வந்த அண்டைக்கு உன்ட தங்கச்சி சுல்பிகாட கை, என்ட வலக் கையில இருந்துதான் வழுகிப் போன. அந்தக் கை ஈரமா, சின்னனா, இவ்வளவு காலமும் இந்த விரலுக்குள்ளதான் இருந்த. மருந்து ஏத்தினதோட அதையும் காணல்ல. இல்லை எண்டு என்ட வாயால சொல்ல ஏலல்ல மகள்.

உம்மா

கொழும்பு
04.06.2009

அன்புள்ள உம்மாவுக்கு,

டொக்டரிடம் சொல்லிவிட்டேன். மருந்தைக் குறைக்கிறார். போன உணர்ச்சி வருமா என்று கேட்டேன். சிலருக்கு வரும், மாதக்கணக்காகும், சிலருக்கு வராது என்றார். உங்களுக்குப் பொய் எழுத எனக்கு மனமில்லை. பானையைத் துணியால் பிடியுங்கள்.

அன்று உங்கள் இடக் கையில் நான் இருந்தேன். அதைப் பற்றி நாம் ஒருநாளும் கதைத்ததில்லை. உங்கள் நகங்கள் பதிந்த தழும்பு என் மணிக்கட்டில் இன்னும் இருக்கிறது. படிக்கும்போது என்னை அறியாமல் தடவிக்கொண்டிருப்பேன். வலக் கையும் அவ்வளவு இறுக்கித்தான் பிடித்திருக்கும், உம்மா.

அடுத்த முறை பஞ்சு கொண்டுவர மாட்டேன். உங்கள் விரல்களை அந்தத் தழும்பின் மேல் வைத்துப் பிடிக்கச் சொல்வேன். உங்களுக்குத் தெரியாவிட்டால் இல்லை என்றே சொல்லுங்கள். எனக்குத் தெரியும்.

மகள் பாஹிமா