உங்கப்பா விட்ட மீனும் நான் பிடிச்ச மீனும்

அன்புள்ள மகள் ட்வைலாவுக்கு,

அம்மா எழுதுறேன். ஆண்டவர் கிருபையில நாங்க ரெண்டு பேரும், கோழி பதினொண்ணும், குளமும் இங்க சுகம். என் முட்டி மட்டும் மழைக்கு ரெண்டு நாள் முந்தியே தகவல் குடுத்துடுது. நீயும் மாப்பிள்ளையும் அந்த அலாஸ்காக் குளிர்ல எப்படி இருக்கீங்க, ஆஸ்பத்திரியில இன்னும் ராத்திரி டூட்டிதான் போடறாங்களா, எல்லாத்தையும் விவரமா எழுது. போன்லயே சொல்லியிருக்கலாமேம்மான்னு கேப்ப. போன் போட்டா உங்கப்பா ஸ்பீக்கர்ல போட்டுட்டுப் பக்கத்துலயே உக்காந்துக்கறார். ஈமெயிலும் எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணேதான். ஒன்றரை வருஷமா அவர் காதுக்குப் போகக்கூடாதுன்னு வச்சிருந்த கதை இது. இப்போ போயாச்சு, அதனால ஒன்பது நாள் அவர் வாயே திறக்கல. உன்கிட்டயாவது கொட்டித் தீக்கறேன்.

நீ ஊரைவிட்டுப் போன வருஷம் பேப்பர் மில்லுல வேலையை விட்டுட்டு, பின்னால மாட்டு மேய்ச்சல் நிலத்துல ரெண்டு ஏக்கருக்குக் குளம் வெட்டினார்ல, அன்னியிலருந்து ஒரே சபதம்தான், பத்து பவுண்டு பாஸ் மீன் ஒண்ணை வளத்துக் காட்டாம கண்ணை மூடமாட்டாராம். டிவியில பாஸ் பிடிக்கறவங்க மீனுக்கு முத்தம் குடுத்துத் தண்ணியில விடுறதைப் பாத்துட்டு இங்கயும் அதே சட்டம் போட்டுட்டார். கரையில பலகை வேற அடிச்சு வச்சிருக்கார், பிடித்த பாஸை உயிருடன் விடவும், இப்படிக்கு டீக்கன் ஹாய்ட் ப்ரூயிட்னு, சபைப் பதவியையும் சேத்து. வரவேற்பறைச் சுவர் பூரா மான்தலையா மாட்டி வச்சிருக்கற மனுஷன், பத்து இன்ச்சு மீனுக்குப் பாவம் பாக்கறார்! உன் லாமர் சித்தப்பா மூணு பாஸை வறுத்துத் தின்னுட்டான்னு ரெண்டு வருஷமா அவனோட பேச்சு கிடையாது. கூடப் பொறந்த தம்பி! ஞாயித்துக்கிழமை சபையில ஒரே பெஞ்சுல உக்காருவாங்க, நடுவுல நான் சுவரு.

போன வருஷம் மார்ச்சுல மீன்துறையிலருந்து கிம்ப்ரெல்னு ஒரு பொண்ணு படகு எடுத்துட்டு வந்தா. தண்ணிக்குள்ள லேசாக் கரன்ட் விட்டா மீனெல்லாம் மயங்கி மேல வருது, அளந்து நிறுத்துட்டுத் திரும்ப விட்டுடறாங்க. வந்ததெல்லாம் பத்து இன்ச்சு பாஸ். தலை மட்டும் பெருசு, வயிறு ஒட்டி, டைபாய்டுல கிடந்து எழுந்த மாதிரி ஒண்ணொண்ணும். அதுங்களுக்கு இரையா இருக்க வேண்டிய ப்ரீம் மீன் குஞ்சு கண்ணுல காணோம். வாயில நுழையாத பெரிய ப்ரீம் நாலஞ்சுதான் தப்பிச்சுக் கிடந்துச்சு. அந்தப் பொண்ணு மரியாதையாத்தான் சொன்னா, ஐயா, இரை குறைச்சல் இல்லைங்க, வாய்தான் அதிகம், ஒரு அடிக்குக் குறைவான பாஸை வருஷத்துக்கு அறுபது பவுண்டு எடுத்துச் சாப்பிடுங்க, மிச்சமிருக்கறது தானாக் கொழுக்கும், ஒரு அடியத் தாண்டினதை மட்டும் விட்டுடுங்கன்னு. உங்கப்பாவுக்கு வந்ததே கோபம். நேத்துப் பொறந்த பொண்ணு எனக்குக் கொலை பண்ணச் சொல்லித் தர்றாளான்னு கேட்டுட்டு, மறுநாளே போய் இரைமீன் வாளி வாளியா வாங்கிட்டு வந்து கொட்டினார். பத்தே நாள்ல தடயமில்லாமப் போச்சு. மறுபடி கொட்டினார். நம்ம வீட்டுல கறி வேகுதோ இல்லையோ, அந்தக் குளத்துக்கு மூணு வேளையும் விருந்து.

எனக்குப் பொறுக்கல கண்ணு. எங்கப்பா வீட்டுல நான் மூங்கில் கழியில மீன் பிடிச்சு வளந்தவ. தினம் காலையில ஆறுலருந்து எட்டு வரைக்கும் உங்கப்பா பெட்ரோல் பங்க் கடையில பிஸ்கட்டும் காபியும் வச்சுட்டு நாட்டைத் திருத்தப் போயிடறார்ல, அந்த ரெண்டு மணி நேரம் எனக்குப் போதும். எருக்குழியில மண்புழு தோண்டிக்கிட்டு, தையல் டேப்பைக் கழுத்துல மாட்டிக்கிட்டுப் போயிடுவேன். ஒரு அடிக்குக் குறைஞ்சதெல்லாம் என் வாளியில, தாண்டினதெல்லாம் தண்ணியில. எடுத்ததை எல்லாம் ஒரு நோட்டுல குறிச்சு வச்சேன், முதல் வருஷம் மட்டும் நூத்தி நாப்பத்தெட்டு மீன். முள்ளெடுத்துச் சோளமாவுல புரட்டி வெள்ளிக்கிழமை வறுத்து வச்சு, கெளுத்தின்னு சொல்லிடுவேன். இவ்வளவு இனிப்பான கெளுத்தி எங்கடி வாங்கறன்னு கேட்டு எட்டுத் துண்டு உள்ள தள்ளுவார். தன் குளத்துப் பிள்ளைங்களையே தின்னுட்டு விரலைச் சூப்பிக்கிட்டு உக்காந்திருக்கறவரைப் பாக்க எனக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும். கூடப் பொறந்தவனுக்கே ரெண்டு வருஷம்னா எனக்கு எத்தனை வருஷமோ. நாப்பத்திமூணு வருஷமா ஒரே மேசையில சாப்பிடறோம், இவர் எதிர்ல வாயை மூடிக்கிட்டு உக்காந்தா நான் யார்கிட்டப் போய்ச் சண்டை போடுவேன்?

இந்த மே மாசம் அந்தப் பொண்ணு திரும்ப வந்தா. பாஸெல்லாம் தோள் வச்சு உருண்டு திரண்டு நிக்குது, கரையோரம் பூரா ப்ரீம் குஞ்சு. ரொம்ப நல்லா எடுத்திருக்கீங்க ஐயான்னு கையைக் குடுத்தா. ஒண்ணுகூட எடுக்கல, எல்லாம் கருணைதான்னு இவர் நெஞ்சை நிமித்தறார். அவ என்னைப் பாத்தா. நான் ஓடிப்போய் ஒரு கிளாஸ் இனிப்பு டீயை அவ கையில திணிச்சேன். அவ குடிச்சு முடிக்கறதுக்குள்ள கதை ஊரெல்லாம் பரவிடுச்சு. போதகர் அதை வச்சு ஒரு பிரசங்கமே பண்ணிட்டார். ஹாய்ட் முறைன்னு பேரு வேற! அஞ்சாறு பேர் தங்களோட குளத்துலயும் பாஸ் எடுக்கறதை நிறுத்திட்டாங்க. கூச்சமே இல்லாம நம்மவர் வீடு வீடாப் போய் யோசனை சொல்லிட்டு வந்தார்.

இதெல்லாம் சிரிச்சுட்டுப் போகலாம்னு இருந்தேன், நம்ம சபை வீடா அக்காவைப் பாக்கற வரைக்கும். புருஷன் போனதுலருந்து அவங்க வாரத்துல மூணு நாள் தன் குளத்து மீனைத்தான் சாப்பிடுவாங்க, உனக்குத் தெரியும்ல. ஆகஸ்ட்ல போனா அடுப்புல டப்பா சூப்பு. மீன் எங்கக்கான்னேன். டீக்கன் சொன்னார்ல, விட்டாத்தான் வளருமாம், விட்டுட்டு இருக்கேன், ஆனா நாளுக்கு நாள் மெலியுதே இமோஜீன்னு என்னையே கேக்கறாங்க. எனக்கு அப்படியே செத்துப் போகலாம்போல இருந்துச்சு. என் பொய் அவங்க தட்டு வரைக்கும் போயிடுச்சே!

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை சபை மண்டபத்துல ஆம்பளைங்க காலைச் சாப்பாடு, உங்கப்பா பேச்சு. முந்தின நாள் சாயங்காலம் நோட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால வச்சேன். தேதி, நீளம், எடை, எல்லாம் என் கையெழுத்துல. கெளுத்தி விஷயத்தையும் சொன்னேன். நாளைக்கு நீங்க உண்மையைச் சொல்லலைன்னா நான் எழுந்து சொல்லுவேன்னும் சொன்னேன். அவர் கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டினார், மூடினார், எழுந்துபோய்ப் படுத்துட்டார்.

மறுநாள் மேடையில ஏறி நின்னார் பாரு, முகம் சுண்ணாம்பு மாதிரி. தண்ணி குடிச்சார், கண்ணாடியைத் துடைச்சார், மறுபடியும் தண்ணி குடிச்சார். அப்புறம், என் குளத்துல மீன் எடுத்தது என் சம்சாரம், நான் ஒண்ணும் பண்ணல, எனக்கு ஒண்ணும் தெரியவும் தெரியாது, கேள்வி இருந்தா அவளைக் கேளுங்கன்னு சொல்லிட்டுக் கீழ வந்து உக்காந்துட்டார். அவ்வளவுதான் பேச்சு. நாப்பது ஆம்பளை, முட்டைப்பொரியல் கரண்டியோட நிக்கற என் பக்கம் திரும்பினாங்க. ஒரு மணி நேரம் கேள்வி! உன் லாமர் சித்தப்பா மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சான். நான் நேரா வீடா அக்கா வீட்டுக்குப் போய், ஒரு அடிக்குக் குறைஞ்சதை எடுத்துச் சாப்பிடுங்கன்னு டேப்பையும் குடுத்து மன்னிப்பும் கேட்டேன். அவங்க திட்டினாங்க, வாங்கிக்கிட்டேன்.

அன்னியிலருந்து ஒன்பது நாள் உங்கப்பா வாயைத் திறக்கல. உப்பு வேணும்னாக்கூடக் கையைத்தான் நீட்டினார். பலகையைப் பிடுங்கிக் கோழிக்கூண்டுக்கு அடைப்பா வச்சுட்டார். பெட்ரோல் பங்குக்கும் போறதில்ல, அங்க கேலி தாங்க முடியாது. ஆனா நாலாவது நாள்லருந்து காலையில நான் கதவைத் திறந்தா வாசல்ல என் கழி நிக்கும், தூண்டில்ல புது நூல் கட்டியிருக்கும், டப்பாவுல புழு தோண்டி வச்சிருக்கும். எடுத்துக்கிட்டு நான் குளத்துக்குப் போயிடுவேன்.

இன்னிக்குக் காலையில கூடவே வந்து கரையில உக்காந்தார். நான் ஒரு பாஸை இழுத்துப் போட்டேன், நல்ல மினுமினுப்பு, துள்ளுது. எட்டிப் பாத்து, அது பதிமூணு இன்ச்சு, விட்டுடுன்னார். ஒன்பது நாளைக்கப்புறம் முதல் வார்த்தை, அதுவும் என்னைத் திருத்தறதுக்கு! என் டேப்பு வீடா அக்காகிட்டப் போயிடுச்சேன்னு தகர ஸ்கேலை ஒட்டி அவரே ஒரு அளவுப் பலகை பண்ணிக் கொண்டு வந்திருந்தார். அதுல வச்சுப் பாத்தேன். பதினொன்றரைதான், என் வாளிக்கு வர வேண்டியது. அவருக்குக் கண்ணாடி இல்லாம அதெல்லாம் தெரியாது. சரியாச் சொன்னீங்க, பதிமூணேதான்னு சொல்லித் தண்ணியில விட்டுட்டேன். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு கண்ணு, சந்தோஷத்துலதான்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஆண்டவர் நல்ல சுகத்தையும் சேந்தாப்போல உக்காந்து சாப்பிட நேரத்தையும் குடுக்கட்டும். தைராய்டு மாத்திரையை வெறும் வயித்துல போடு, காபிக்கு அப்புறம் இல்ல. கிறிஸ்மஸுக்கு லீவு கேட்டியா, முதல்லயே கேட்டு வை. இந்தக் கடுதாசியைப் படிச்சதும் கிழிச்சுப் போட்டுடு, அந்தப் பதினொன்றரை நமக்குள்ளயே இருக்கட்டும்.

என்றும் உன் நினைப்பிலேயே இருக்கும்
அம்மா
இமோஜீன் ப்ரூயிட்