கீழ்ப்படை என்று எழுதியது நான்

உன் கொப்பியில் மண்ணெண்ணெய் மணக்கிறது. பின்னேரம் அம்மா அதைக் குசினிக்குக் கொண்டுபோய் அட்டையில் கொஞ்சம் ஊற்றியும் விட்டார். அடுத்த ஒழுங்கையில் நாய்கள் குரைக்கவும், நெருப்பு வெளியே தெரியும் என்று பயந்து மூட்டவில்லை. விடியமுன் எரித்துவிடச் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். நாளைக்கு எங்கள் அன்புவழிபுரத்தில் ஆமியின் சுற்றிவளைப்பு என்று கதை. நான் கொப்பியை எடுத்துவந்து, போர்வைக்குள் ரோச் லைற்றைப் பிடித்துக்கொண்டு உனக்கு எழுதுகிறேன்.

பதினோராம் பக்கம் நனையவில்லை. பள்ளிக்கூட விஞ்ஞான மன்றத்தில் பேசுவதற்காக நீ தயாரித்தது. பழுதான டி.என்.ஏ.யைத் திருத்தும் நொதியங்களைப் பற்றிக் கொழும்பில் படிக்கும் உன் மச்சாள் அனுப்பிய தாள்களை நாம் இருவரும் தமிழாக்கினோம். அந்தப் பக்கத்தை மட்டும் என்னிடம் எழுதத் தந்தாய். நொதியம் எதைப் பிடித்து மாற்றுகிறதோ அதற்கு எங்கள் பாடப்புத்தகத்தில் பெயர் கீழ்ப்படை. நான் அதை எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டேன். பக்கத்தில் நீ நெளிந்த இழையொன்றைக் கீறி, அம்புக்குறியிட்டு, ‘வெட்டும் இடம்’ என்று குறித்தாய்.

எனக்கு விளங்கவில்லை என்றதும் என் பின்னலைப் பிடித்து உன் விரல்களுக்கிடையே ஓடவிட்டாய். நொதியம் இப்படித்தான் இழை வழியே போகும், பழுதான எழுத்து வந்ததும் இழையை வளைத்து, அந்த ஒன்றை மட்டும் வெளியே புரட்டித் தன் குழிக்குள் எடுக்கும் என்றாய். குழியின் வடிவத்தில் அது பொருந்தி இருந்தால்தான் வெட்டும் பகுதி அதற்குக் கிட்ட வரும். நல்ல எழுத்து அந்தக் குழிக்குள் கொள்ளாது, விட்டுவிடும்.

“குழியில ஒரு அமினோ அமிலம் மாறினாக் காணுமடி. நல்ல எழுத்தையும் வெட்டிப்போடும்.”

அன்று அதைக் கேட்டுத் தலையாட்டினேன். இன்று அந்த வரிக்கு வந்ததும் ரோச்சை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருட்டில் கிடந்தேன்.

நீ அதை விளங்கப்படுத்திய அடுத்த நாள் ரியூசனுக்குப் போகும்போது துறைமுக வீதிச் சோதனைச் சாவடியில் நின்ற ஆமிக்காரனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்திருந்தது. உன் கொப்பியைப் புரட்டிக்கொண்டு வந்தவன் பதினோராம் பக்கத்தில் நின்றான். ‘படை’ என்ற எழுத்துகளின் மேல் விரலை வைத்தான்.

“இந்தப் படை எங்க?”

உனக்கு வாய் சும்மா இருக்காது. “உங்கட உடம்புக்குள்ளயும் இருக்கு, ஐயா.”

வரிசையில் யாரோ சிரித்து, உடனே நிறுத்தினார்கள். அவன் சிரிக்கவில்லை. நீ கீறிய படத்தை நிமிர்த்தியும் திருப்பியும் பார்த்தான். யார் எழுதினது என்று கேட்டான். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிபண்ணினேன். நீ என் பக்கம் திரும்பவேயில்லை.

“என்ட கொப்பிதான்,” என்றாய்.

உன் பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டு கொப்பியைத் திருப்பித் தந்தான். சந்தி தாண்டியதும், என் வடிவான எழுத்தால் வந்த வினை, உன் கிறுக்கலாக இருந்திருந்தால் அவனால் வாசிக்க ஏலாமல் போயிருக்கும் என்று என்னைப் பகிடி பண்ணினாய். வீட்டில் கண்டால் உன் அம்மா ஏசுவா என்று கொப்பியை என் பைக்குள் திணித்தாய்.

ஒன்பதாம் நாள் இரண்டு பேர் உன் பெயரைச் சொல்லிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்து உன்னைக் கொண்டுபோனார்கள். விசாரித்துவிட்டு அனுப்புவதாகச் சொன்னார்களாம். கொண்டுபோய் இன்றைக்கு இருபத்தாறு நாள். உன் அம்மா உன் பரீட்சை அட்டையோடு ஒவ்வொரு முகாம் வாசலாகப் போகிறார். உன்னிடம் ஒரு படையைப் பற்றிய குறிப்பும் வரைபடமும் இருந்ததாக ஒரு வாசலில் சொல்லியிருக்கிறார்கள். கொப்பி எங்கே என்று என்னிடம் இரண்டு தரம் கேட்டார். தெரியாது என்றேன். இன்று மூன்றாம் தரம் கேட்டார்.

“அது இருந்தா, பிள்ளை, ஆரிட்டயாவது காட்டிக் கேக்கலாம். பாடந்தானே எண்டு விளங்கும்.”

அதற்கும் தெரியாது என்றேன்.

இப்போது பதினோராம் பக்கத்தின் அடியில் என் முழுப் பெயரையும் விலாசத்தையும் எழுதிவிட்டேன். அம்மா எழும்பமுன் இதை உன் வீட்டுக்குக் கொண்டுபோவேன். உன் அம்மா அடுத்த வாசலுக்குப் போகும்போது நானும் போவேன். எழுத்தை விளங்கப்படுத்த எழுதியவள் வேண்டுமே.

அன்று சொல்லாத பதில் இன்னும் என் வாய்க்குள்ளேயே கிடக்கிறது. போர்வைக்குள் சொல்லிப் பார்த்தேன், காற்றுத்தான் வந்தது. இன்னொரு தரம் சொன்னேன்.

“நான்தான் எழுதினனான்.”

பக்கத்தில் படுத்திருந்த தங்கச்சி கண்ணைத் திறந்தாள். “என்னத்தையக்கா?” என்றாள்.