சிவப்புப் பொட்டு வைத்த சுவிட்ச்

இன்று காலை கேரவனைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சார்ஜர் சுவிட்சின் மேல் நீ வைத்த நகப்பூச்சுப் பொட்டு பாதி உதிர்ந்திருந்தது. துணியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பாசிர் கூடாங் தொழிற்சாலையில் நாம் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மின்பலகைகளுக்கு ஈயம் வைத்த வருடங்களில் நகப்பூச்சுக்குத் தடை. வேலையை விட்ட மறுநாளே பத்து விரலிலும் சிவப்பு பூசிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து நின்றவள் நீ. "உன் விரல பாத்தா பாவமா இருக்குடி," என்பாய். "சமைக்கிற கைக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று கையை இழுத்துக்கொள்வேன்.

உனக்கு ஓர் ஆசை இருந்தது. தேசாருவில் கடலை ஒட்டிப் படுத்து எழுந்து சூரியன் வருவதைப் பார்க்க வேண்டும். தூக்கத்தில் உனக்கு மூச்சு அடைத்துக்கொள்ளும். முகத்தில் மாட்டும் அந்த மூச்சு இயந்திரம் இல்லாமல் படுக்கவே பயப்படுவாய். கரண்டு இல்லாத மணலில் அது எப்படி ஓடும்? ஹோட்டலுக்குப் போகலாம் என்றால், "ஜன்னல்ல பாக்கறதுக்கு டிவியில பாத்துக்கலாம்லா," என்று முறைத்தாய்.

என் வீட்டுக்காரர் பழைய கேரவன் ஒன்றை வாங்கினார். கூரையில் சோலார் தகடு, பெஞ்சுக்கு அடியில் பேட்டரி, பேட்டரியின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றித் தரும் இன்வெர்ட்டர். அதை வண்டி வெளிக்கரண்டு வாங்கும் பிளக்கோடு நாம் இருவருமே இணைத்தோம். சோதித்துப் பார்க்க, ஒரு மத்தியானம் எங்கள் வாசலில் நின்ற கேரவனிலேயே நீ படுத்தாய். கண் அசந்த நேரத்தில் இயந்திரம் நின்றுவிட்டது. மூச்சுத் திணறி எழுந்த நீ மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்ததை இன்னும் மறக்கவில்லை. "நான் வரலடி. நீ பாத்துட்டு வந்து சொல்லு," என்றாய். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகுதான் கண்டுபிடித்தோம். வெளியிலிருந்து கரண்டு வந்தால் பேட்டரியை நிரப்ப, வண்டிக்குள்ளேயே ஒரு சார்ஜர் இருந்தது. இன்வெர்ட்டர் கொடுத்ததை அது வெளிக்கரண்டு என்றே எடுத்துக்கொண்டு, பேட்டரியில் இருப்பதைப் பேட்டரிக்கே ஏற்றிக்கொண்டிருந்தது; அந்தச் சுற்றிலேயே பேட்டரி தீர்ந்துபோனது. நீதான் முதலில் சிரித்தாய். "அலமாக்! தன் தட்டுல எடுத்து தன் தட்டுலயே போட்டுக்குதுடி, நடுவுல சிந்திக்கிட்டே!" உடனே பையிலிருந்து நகப்பூச்சை எடுத்து சார்ஜர் சுவிட்சில் பொட்டு வைத்தாய். "இன்வெர்ட்டர் போடறதுக்கு முன்ன இத அணைக்கணும். மறந்தே, உன்ன விடமாட்டேன்."

தேசாருவில் விடியும்போது முதலில் விழித்தவள் நான். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் உன் பக்கம் திரும்பப் பயமாக இருந்தது. மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் வந்தது: "என்னடி முழிக்கிற? உயிரோடதான் இருக்கேன். தேத்தண்ணி போடு." அப்புறம் கோப்பையைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாய். சூரியன் முழுதாக மேலே வரும்வரை நீ ஒரு வார்த்தை பேசவில்லை. உன் வாய் அவ்வளவு நேரம் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை.

போன மழைக்காலத்தில் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோயிற்று. அதை அணைக்க நம்மிடம் எந்தச் சுவிட்சும் இல்லை. உன் இயந்திரத்தை உன் மகள் தேவைப்பட்ட ஒருவருக்குக் கொடுத்துவிட்டாள். இப்போது கேரவனில் ஓடுவது ஒரு காற்றாடி மட்டும். இருந்தாலும் இன்வெர்ட்டரைத் தொடும் முன் என் விரல் அந்தப் பொட்டுக்குத்தான் போகிறது.

"லேபல் ஒட்டிடவா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். வேண்டாம் என்றேன். கடை கடையாக ஏறி அதே சிவப்பைத் தேடி வாங்கிவந்தேன். பொட்டைப் புதுப்பித்த பிறகும் தூரிகையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வீணாக்க மனமில்லாமல் என் சுண்டுவிரலில் பூசிக்கொண்டேன். கோணலாகத்தான் வந்திருக்கிறது, சிரிக்காதே. நாளை தேசாருவில் தேத்தண்ணிக் கோப்பையை அந்த விரல் தெரியும்படிதான் பிடிக்கப்போகிறேன்.