சீக்கிரம் வலிக்கிற ஊசி

செப்டம்பர் 8, ஞாயிறு, சோஹார்

இன்று மணிக்கட்டில் கட்டி அகற்றும் சின்ன ஆபரேஷன். மரத்துப்போக மருந்து கொடுப்பது என் வேலை. கையில் பட்டையை இறுக்கி ரத்தக்குழாயில் மருந்து ஏற்றலாம் என்றார் சர்ஜன் மஹதி. பட்டையைத் தளர்த்தினால் உணர்வு உடனே திரும்பிவிடும் என்பது அவர் வாதம். வலியும்தான் திரும்பும் என்றேன். அக்குளில் ஊசி போட்டால் காலை வரை கை மரத்திருக்கும், ஆள் நிம்மதியாகத் தூங்குவார். வாதத்தில் நானே ஜெயித்தேன். பைப் வேலை செய்யும் சோலையப்பன், "ஒண்ணுமே தெரியல மேடம்" என்று சிரித்தபடி கம்பெனியின் தொழிலாளர் கேம்ப் வண்டியில் ஏறினார்.

செப்டம்பர் 9

சோலையப்பன் திரும்ப வந்தார். அதே கையில் தீக்காயம், கொப்புளம். வண்டி நேற்று ரூமுக்குப் போகவில்லை, நேரே சைட்டுக்குப் போயிருக்கிறது.

"வலிக்குதான்னு ஃபோர்மேன் கேட்டாரு. இல்லன்னேன். அப்ப டூட்டிக்கு வான்னுட்டாரு."

அப்போதுதான் வெல்டிங் வைத்த சூடான பைப்பில் மரத்த கை சாய்ந்திருக்கிறது. கருகின வாசனை வந்த பிறகுதான் பார்த்தாராம்.

மனுஷனா அந்த ஆளு? வேலை கூடாதுன்னு சீட்டுல எழுதித்தானே அனுப்பினேன்?

ஃபோர்மேனுக்குப் போன் போட்டேன். அன்பரசன், நம் ஊர்க்காரர். "இன்னொரு கை நல்லாத்தானே இருக்கு டாக்டர்? வலி இருக்கிறவனுக்கே லீவு குடுக்க முடியல." கத்தித் தீர்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அந்தப் பொறுமைதான் இன்னும் எரிகிறது.

செப்டம்பர் 10

கோபம் அடங்கவில்லை.

செப்டம்பர் 12

அதே கேம்ப்பிலிருந்து பாண்டித்துரை, அதே மாதிரிக் கட்டி. அக்குளைத் துடைக்கப் போனேன். கையை இறுக்கி மூடிக்கொண்டார்.

"சோலையப்பண்ணனுக்குப் போட்டது வேணாம் மேடம். சீக்கிரம் வலிக்கிறதாப் போடுங்க."

"வலிக்காம இருக்கத்தானேப்பா நான் இருக்கேன்?"

"வலிச்சாத்தான் நம்புவாங்க."

என்ன சொல்கிறார் என்று மஹதி கேட்டார். சொன்னேன். அவர் பட்டையை எடுத்து நீட்டினார். நானே கட்டினேன். இதற்கா இத்தனை வருஷம் படித்தேன்? வலி மாத்திரை கொடுத்தபோது, "ஃபோர்மேன் பார்த்த பிறகு போட்டுக்கிறேன்" என்று பையில் வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 13, வெள்ளி

பாண்டித்துரை போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"நல்லா வலிச்சிருச்சு மேடம்! வண்டியிலேயே கத்திட்டேன். லீவு குடுத்துட்டாங்க. ரொம்ப நன்றி. அடுத்த வாரம் எங்க ரூம் ஆளு ஒருத்தர் வர்றாரு, அவருக்கும் இதையே போட்டுருங்க."

சரி என்றேன்.