ஆறாம் டேபிளுக்குச் சொன்ன பதில்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தி வாலுவும் பேரன் பொடியனும் நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டும், இப்போதைக்கு எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது. போன் இருக்கும்போது இந்த மனிதருக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது உன் அம்மா தோளை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள், இது அவளுக்கும் தெரியாத விஷயம். அவளுக்குப் புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன், போட்டதும் முதல் வேலையாக என் முகத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு வருஷம் சரியாகப் பார்க்காமலே குடும்பம் நடத்திவிட்டேனே என்றாள். குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது, பிளம்பர் நாளைக்கு நாளைக்கு என்கிறார். இதெல்லாம் சும்மா எழுதுகிறேன், எழுத வேண்டியதற்குக் கை வரவில்லை.

போன வாரம் நீ போனில் சிரித்துக்கொண்டே சொன்னாய், ஓட்டலில் சாப்பிடும்போது வாலுவுக்கு உதடு வீங்கிவிட்டது, டாக்டர் சோதனை செய்து பார்த்து வேர்க்கடலை சேராது என்றார், அடுத்த தடவை மூச்சே அடைத்துக்கொள்ளலாம் என்று பேனா மாதிரி ஒரு ஊசி கொடுத்திருக்கிறார் என்று. அதற்காக ஓட்டலை நிறுத்த முடியாது, வாரம் பூராவும் வேலைக்கு ஓடுகிறேன், சனிக்கிழமை மத்தியானம் ஒரு வேளைதான் யாரோ சமைத்ததை உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்றாய். அது நியாயம்தான், உன்னை நான் குறை சொல்லவில்லை. இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு, ஒருத்தி நாற்காலி மேல் ஏறி நிற்க, ஒருத்தன் மேஜைத் துணியை வாயில் வைத்துச் சப்ப, நீ அனுப்பிய போட்டோவில் உன் தட்டு மட்டும் தொடாமல் இருந்ததை நானும் பார்த்தேன். ஆனால் கடைசியில் ஒன்று சொன்னாய் பார், "கேட்டுட்டுதாம்ப்பா வாங்குறோம், உள்ளே போய்க் கேட்டுட்டு வந்து இல்லைன்னு சொல்றாங்க" என்று, அதிலிருந்துதான் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான் ஓட்டலில் மாஸ்டராக இருந்தது உனக்குத் தெரியும், என் கைமணத்தைப் பற்றி உன் சிநேகிதிகளிடம் பெருமை பேசியிருக்கிறாய். காலையில் ஒரு பெரிய அண்டா நிறையக் குழம்பு கூட்டி வைப்போம், பகல் பூராவும் யார் என்ன கெட்டிக் குழம்பு கேட்டாலும் அதிலிருந்து எடுத்துத் தாளித்துக் கொடுப்பதுதான். மெனு கார்டில் முந்திரி என்று போட்டிருக்கும். முந்திரி கட்டுப்படியாகாது என்று முதலாளி ஒரு பங்கு முந்திரிக்கு மூன்று பங்கு வேர்க்கடலை அரைக்கச் சொல்வார், அரைப்பது நான், வெளியே மூச்சு விடக்கூடாது. நீ அப்போது நாலாம் வகுப்பு. ஒருநாள் மத்தியானம் கூட்டம் நெரிகிறது, என் தலைக்கு மேல் ஆர்டர் சீட்டு வரிசையாகத் தொங்குகிறது, சப்ளையர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ஆறாம் டேபிளில் இந்தக் குழம்பில் வேர்க்கடலை இருக்கிறதா என்று கேட்கிறார்கள் என்றார். நான் கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "இல்லைன்னு சொல்லு" என்றேன். இருக்கிறது என்று சொன்னால் முந்திரிக் கதை சபைக்கு வந்துவிடும், என் வேலை போய்விடும், அது ஒரு காரணம். இன்னொன்று, பிடிக்காமல் கேட்கிறார்கள் என்று நினைத்தேன், சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் வெளியே நாற்காலி விழும் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஒரு தகப்பன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான், நம் வாலு வயசுதான் இருக்கும், முகம் ஊதிப்போய்க் கண்ணே தெரியவில்லை. ஏதோ வலிப்பு என்றார் முதலாளி, நானும் தலையை ஆட்டினேன். ஆறாம் டேபிள் தட்டு உள்ளே திரும்பி வந்தது, மூன்று வாய்தான் குறைந்திருந்தது. அந்த அண்டாவை நான் கொட்டவில்லை அம்மா. சாயங்காலம் வரைக்கும் அதிலிருந்தே எடுத்துக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி நாலு தெரு தள்ளித்தான் இருந்தது, போய்க் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, இந்த வயசு வரைக்கும் வரவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், உள்ளே போய்க் கேட்டு வந்து இல்லை என்றால் நம்பாதே. உள்ளே நிற்கிறவன் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை, உன் அப்பாவைப் போல ஒருவனாக இருந்தால் போதும். சப்ளையர் போன வேகத்தில் திரும்பினால் அவர் கேட்கவே இல்லை என்று அர்த்தம், எழுந்து வந்துவிடு, மாப்பிள்ளை சங்கடப்பட்டால் படட்டும். வேர்க்கடலை இருக்கிறதா என்று கேட்காதே, இதைக் கெட்டியாக்க எதை அரைத்துப் போட்டீர்கள் என்று கேள், பதில் தடுமாறினால் வேண்டாம். கூட்டம் சேர்வதற்கு முன்னால் போ, அப்போதுதான் சமையல்காரனுக்குக் காது இருக்கும். அவனே வெளியே வந்து, குழந்தையைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்லட்டும், அன்றைக்கு அந்தக் குழந்தையை நான் முன்னாலேயே பார்த்திருந்தால் என் வாயில் அந்த வார்த்தை வந்திருக்காது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன், அதுவும் நிச்சயமில்லை. இவ்வளவு கேட்டாலும், வாலுவுக்கு மட்டும் சாப்பாட்டை வீட்டிலிருந்தே டப்பாவில் கொண்டுபோய்விடு, கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். ஒரே கரண்டி, ஒரே எண்ணெய், அது எதில் எல்லாம் போய் வந்தது என்று மாஸ்டருக்கே தெரியாது. இதைப் படித்துவிட்டு என்னோடு பேசப் பிடிக்காமல் போனால் கொஞ்ச நாள் பேசாதே, ஏற்றுக்கொள்கிறேன், குழந்தை விஷயத்தில் மட்டும் சொன்னதைக் கேள். அம்மாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

பிள்ளைகள் இருவரும் நூறு வயசு வாழட்டும், நீயும் மாப்பிள்ளையும் அதைக் கண்குளிரப் பார்க்க வேண்டும். ஊசி உன் கையில் இருக்கட்டும், வண்டியில் வைத்துவிட்டுப் போகாதே. சனிக்கிழமை சாப்பிட்டு முடிந்து ஒரு மணி நேரம் ஆனதும் எனக்கு ஒரு செய்தி போடு, பேசக்கூட வேண்டாம், குழந்தை நல்லாயிருக்கு என்று இரண்டு வார்த்தை போதும். ஆறாம் டேபிள் குழந்தையைப் பற்றி அந்த இரண்டு வார்த்தையை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆசிகளுடன்,
உன் அப்பா