தொப்பிக்குள் மடித்த கடிதம்

மச்சான்,

உன் தொப்பி இன்னும் தேங்காய் எண்ணெய் மணக்கிறது. உலகத்தில் வேறெந்தக் கௌபோயின் தொப்பியும் இப்படி மணக்காது. அவர்களுக்கெல்லாம் காலையில் பிடித்து இருத்தி எண்ணெய் வைத்துவிட உன் அம்மா கிடைக்கவில்லை, பாவங்கள். போன கிழமை அம்மாதான் அதை என் கையில் தந்தார். "இந்தா தம்பி, நீ கொண்டு போ. இங்க கிடந்தா நான் மணந்து மணந்து அழுதுகொண்டிருப்பன்."

நான் அழவில்லை. தலையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். எங்கள் நொய்கெல்ன் பகுதி பஸ்ஸில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் தொப்பிக்குப் பதிலாக ஒரு கன்றுக்குட்டியைத் தலையில் வைத்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து தொப்பிக்குள் விரலை விட்டேன். உட்பட்டியின் பின்பக்கம் புடைத்துக்கொண்டிருந்தது. பழைய சாமான் சந்தையில் வாங்கிய நாளிலிருந்தே அது உனக்குப் பெரிசு. உள்ளே கடதாசி மடித்து வைத்துத்தான் போடுவாய் என்று எனக்குத் தெரியும். என்ன கடதாசி என்றுதான் தெரியாது. இழுத்தேன். ஒரு கடிதம். கடித உறையோடு.

அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததை எல்லாம் நான் உன்னிடம்தான் கேட்பேன். இப்போதும் உன்னிடமே கேட்கிறேன்.

எங்கள் வகுப்பில் எல்லோரும் ராப் பாடிக்கொண்டு திரிந்த காலம் அது. நீ மட்டும் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு கௌபோய்களின் கன்ட்ரிப் பாட்டுப் பாடப்போகிறேன் என்றாய். "மாடும் இல்லை, குதிரையும் இல்லை. என்னத்தையடா பாடப்போறாய்?" என்று கேட்டேன். "அப்பான்ர பஸ்ஸை" என்றாய். பகிடி என்று நினைத்தேன். நீ உண்மையிலேயே எழுதிவிட்டாய், ஜெர்மன் மொழியில், கிற்றாரில் நாலே நாலு கோர்ட் பிடித்து. காலை ஐந்து மணி பஸ்ஸில் கந்தோர்களில் நிலம் துடைக்கப் போகிற ஒருவர். அவரும் பஸ் ஓட்டுநரும் பதினொரு வருடமாகத் தலையாட்டிக்கொள்கிறார்கள். இருவருக்கும் மற்றவரின் பெயர் தெரியாது. அவ்வளவுதான் பாட்டு. முதல்தடவை நீ பாடிக் காட்டியபோது, வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு ஒரு நக்கலும் வரவில்லை.

முதல் மேடை, ஒரு சின்னப் பிள்ளையின் பிறந்தநாள் விழா மண்டபம். பாட்டு முழுவதும் முடிந்தபிறகு முன்வரிசையில் இருந்த ஒரு மாமா கைகாட்டி, "தம்பி, நல்லாயிருக்கு. எப்ப பாட்டுத் தொடங்கும்?" என்று கேட்டார். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தோம். நீ என்னைவிடக் கூடச் சிரித்தாய்.

இரண்டாவது மேடைதான் சிரிக்கவிடவில்லை. பிரண்டன்பூர்க் பக்கத்தில் ஒரு வெஸ்டேர்ன் கிளப். முன்பு மாட்டுத் தொழுவமாக இருந்த மண்டபம். நான்தான் தொண்டையைத் தடிப்பாக்கி, உன் மனேஜர் பேசுகிறேன் என்று போன் எடுத்து ஒழுங்கு செய்தேன். கார்களில் கட்டிய உதைபந்தாட்டக் கொடிகளை ஆட்கள் இன்னும் கழற்றாத கோடை. உள்ளே நாற்பது ஜெர்மன்காரர், தொப்பியும் பூட்சுமாக, சீடியில் போன பாட்டுகளுக்கு வரிசை வரிசையாக ஆடிக்கொண்டிருந்தார்கள். நீ மேடை ஏறினாய். முதல் வரி பாடி முடிக்கவில்லை, எல்லோரும் ஆடுகிற பலகைத்தளத்தை விட்டு இறங்கிச் சுவரோரம் போய்க் கைகட்டி நின்றுவிட்டார்கள். வெறும் பலகைக்கு முழுப் பாட்டையும் பாடினாய்.

திரும்பி வந்த ரயிலில், "அதுகளுக்குப் பிடிக்கேல்லை மச்சான். நான் ஏதும் தொழில் பழகிற அவுஸ்பில்டுங்கைப் பாக்கிறன்" என்றாய். அடுத்த நாள் கிற்றார் கட்டிலுக்குக் கீழே போய்விட்டது.

அதனால்தான் அந்தக் கடிதத்தை எழுதினேன். அந்தக் கிளப்பில் ஆடுகிறவர்கள் உனக்கு எழுதுவதுபோல: உங்கள் பஸ் பாட்டுக்கு நாங்கள் ஆட்டம் அமைத்துவிட்டோம், ஒக்டோபரில் கட்டாயம் வந்து பாடவேண்டும். என் அப்பாவின் மேசை லாச்சியிலிருந்து பூப்போட்ட முத்திரை ஒன்றை எடுத்தேன். வெட்டும்போது கத்தரிக்கோல் வழுக்கி ஒருபக்கப் பற்களைச் சீவிவிட்டது. ஒட்டி, உங்கள் வீட்டுத் தபால்பெட்டிக்குள் நானே போட்டேன். சிங்கன் நான், கைரேகைகூட விடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் கிளப்புக்குப் போன் எடுத்தேன். ஆட்டத்தை நடத்துகிற ஹெல்கா பேசினார். "ஏன் அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு பேசவே இல்லை? பாட்டுக்கு ஆடுகிற படிகள் இல்லை, அதனால் தளத்தை விட்டுப் போனோம். படி தெரியாதவர் தளத்தில் நிற்பதில்லை. நின்று கேட்போம். அது மரியாதை. ஒக்டோபரில் வந்து பாடட்டும்."

பார், மச்சான். என் பொய்யைவிட உண்மை நல்லதாக இருந்தது. அதை உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் கடிதத்தையும் சொல்லவேண்டும். அதனால் சொல்லவில்லை. அது கோழைத்தனமா, குறும்பா என்று இப்போதும் தெரியவில்லை. நீயோ கட்டிலுக்குக் கீழிருந்து கிற்றாரை எடுத்துவிட்டாய்.

இல்லாத ஆட்டத்தை உண்டாக்க வேண்டியதாயிற்று. இரண்டு கிழமை வீட்டு நடையில் பழகினேன். வலது இரண்டு, இடது இரண்டு, ஒரு சுற்று. சனிக்கிழமைகளில் பரதம் பழகுகிற என் தங்கச்சி கதவில் சாய்ந்து நின்று, "அண்ணா, ஆடுறியோ, கரப்பொத்தான் அடிக்கிறியோ?" என்று கேட்டாள்.

ஒக்டோபரில் நீ பாடத் தொடங்கினாய். அவர்கள் மரியாதையாகச் சுவரோரம் நகரத் தொடங்கினார்கள். நான் தனியாகத் தளத்தில் இறங்கினேன். வாழ்க்கையில் இவ்வளவு பெரிய பலகைத்தளத்தை நான் பார்த்ததில்லை. மூன்றாவது சுற்றில் கால் தடக்கி, பின்பக்கமாக இரண்டு எட்டுத் தள்ளாடினேன். திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் ஹெல்கா. அவரும் இரண்டு எட்டுத் தள்ளாடினார். அவருக்குப் பின்னால் முழு வரிசையும் தள்ளாடியது. முன்னால் நிற்கிறவன் செய்வதைப் பின்னால் நிற்கிறவர் செய்வதுதான் அங்கே பழக்கம். மேடையில் நீ சிரித்த சிரிப்பில் ஒரு வரி காணாமல் போனது.

அதற்குப் பிறகு உனக்கு மூன்று மேடைகள். ஒரு சுவரில் உன் பெயர் போட்ட போஸ்டர். உன் அறையில் பதிவு செய்த சீடி. அதில் குக்கர் விசிலும் கேட்கிறது. பிறகு பனிக்காலமும் ஆஸ்பத்திரியும். டொக்டர்மார் சொன்ன வருத்தத்தின் பெயர் சரக்கு ரயில்போல நீளம். கடைசிப் பெட்டிவரை நான் இன்னும் போய்ச் சேரவில்லை.

நாலு பஸ் தரிப்பு தள்ளியிருந்த ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு ஒரு தபாலட்டை அனுப்பினாய். "இங்க சாப்பாடு திறம் எண்டு நம்பு. ஆட்டத்தை விடாதை." அவ்வளவுதான். மாசியில் நீ போய்விட்டாய்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். தொப்பிக்குள் இருந்த என் கடித உறையில் முத்திரை இல்லை. அது இருந்த இடத்தில் பசைத் தழும்பு மட்டும். ஓடிப்போய் உன் தபாலட்டையை எடுத்துப் பார்த்தேன். பூப்போட்ட முத்திரை. ஒருபக்கம் பற்கள் சீவியிருக்கிறது.

தபாலில் வந்த கடிதமென்றால் முத்திரைமேல் மை குத்தியிருக்கும். குத்தாத முத்திரையைப் பார்த்து, இது தபாலில் வரவில்லை, யார் வேலை என்று பிடித்துவிட்டாய். கழற்றி எனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறாய்.

எப்போது பார்த்தாய்? ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டா? அப்படியென்றால் ஒக்டோபரில் என் பொய்யை நம்பித்தான் மேடை ஏறினாய். அல்லது கடிதம் வந்த அன்றைக்கேயா? அப்படியென்றால் ஆட்டம் ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டே அந்த வெறும் பலகைக்குத் திரும்பிப் போயிருக்கிறாய், நான் என்ன செய்கிறேன் பார்ப்போம் என்று. முதலாவதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இரண்டாவதை நினைத்தால் உன்னை அடிக்கவேண்டும்போல இருக்கிறது. அடிக்க நீ இல்லை.

வருகிற சனிக்கிழமை ஹெல்கா கூப்பிட்டிருக்கிறார். உன் சீடியைப் போட்டு ஆடப்போகிறார்களாம். நான் முன்னால் நிற்கவேண்டுமாம், உன் தொப்பியோடு. "மூன்றாவது சுற்றில் வருகிற அந்தத் தள்ளாட்டத்தை மாற்றிவிடாதே, எல்லோருக்கும் அதுதான் பிடிக்கும்" என்றார். விழாமல் தள்ளாட இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறேன். நடையில் தங்கச்சியும் எனக்குப் பின்னால் நிற்கிறாள். நான் தள்ளாடினால் அவளும் தள்ளாடுகிறாள்.

கடிதம் இல்லாமல் தொப்பியைப் போட்டுப் பார்த்தேன். கண்ணை மறைத்துக்கொண்டு மூக்குவரை இறங்கிவிட்டது. நீ மடித்த அதே மடிப்பில் கடிதத்தை மடித்து, உறையோடு உள்ளே செருகினேன். அளவாக நின்றது.