ஒட்டாத நோட்டீஸ்

காணாமல் போவதில் நம் வீட்டிலேயே முதலிடம் பெற்ற அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். யாரும் யாரோடும் பேசுவதில்லை, அதனால் சண்டையும் இல்லை.

நீ ஓடிப்போன வாரம் தோழி வீட்டில் ஒளிந்துகொண்டு சுவர் சுவராகப் பார்த்தாயாமே. ஒரு நோட்டீஸ் கண்ணில் பட்டிருந்தால் திரும்பியிருப்பேன், யாருமே தேடவில்லையா என்று எனக்கு எழுதிய கடிதத்தில் கேட்டிருந்தாய். ஊர் முழுக்க ஒட்டினேன், மழை தின்றுவிட்டது என்று அம்மாவிடம் அப்பா சொன்னதையே உனக்கும் எழுத இருந்தேன். நல்லவேளை, நான் சோம்பேறி.

நேற்று அருங்காட்சியகத்து மேடம் ஒருவர் அப்பாவின் சேகரிப்பைப் பார்க்க வந்தார். பஸ் டிக்கெட், சோப்பு உறை, சுவரிலிருந்து ஈரத்துணி வைத்து உரித்த சர்க்கஸ் நோட்டீஸ்கள். குப்பை என்றேன், முறைத்தார். பத்திரப்படுத்துவதை விட, தூக்கிப் போடுவதுதான் நம்மைப் பற்றி அதிகம் சொல்லும் என்றார். என் பரீட்சைத் தாள்களும் சொல்லுமா என்று கேட்டேன். அப்பாவோ மேடம் சொன்னதில் அப்படியே உச்சி குளிர்ந்துபோனார்.

மேடம் நோட்டீஸ்களை ஒவ்வொன்றாகத் திருப்பி முதுகைப் பார்த்தார். எல்லாவற்றிலும் பசை, சுண்ணாம்பு. ஒன்று மட்டும் சுத்தம். முன்பக்கம் பார்த்தால், நீ. பள்ளிச் சீருடை, இரட்டைச் சடை, தலைக்கு மேல் ‘காணவில்லை’.

இதை ஒட்டவே இல்லையா, மற்ற பிரதிகள் எங்கே என்று கேட்டார். அப்பாவுக்குப் பெருமை தலைக்கேறியிருந்தது.

“மீதிய அடுப்புல போட்டுட்டேன் மேடம். ஒட்டினா ஊரே சிரிக்கும்ல. இது எங்க தேடினாலும் கிடைக்காது.”

வாசற்படியில் அம்மா, தேநீர்த் தட்டோடு.

தட்டைச் சிந்தாமல் வைத்தாள். உள்ளே போய் மாவைக் கரைத்துக் காய்ச்சினாள். ஏதோ தின்னக் கிடைக்கும் என்று நான் காத்திருந்தேன், பசை வந்தது. அப்பாவின் கண்ணாடி அலமாரி மேல் அள்ளிப் பூசி, உன்னை ஒட்டி, மூலை மூலையாக உள்ளங்கையால் தேய்த்தாள்.

“ஒண்ணே ஒண்ணுதான்டி இருக்கு” என்றார் அப்பா.

“எனக்கும்தான்” என்றாள் அம்மா.

நான் கணக்கில் இல்லை, பரவாயில்லை. மேடம் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அப்பா ஈரத்துணியோடு சுற்றிச் சுற்றி வருகிறார். அம்மா அலமாரியில் முதுகைச் சாய்த்துக் காவல் இருக்கிறாள். நோட்டீசின் அடியில் ‘கண்டவர்கள் தகவல் தரவும்’ என்று இருக்கிறது. உன் முகவரி தெரிந்தவன் இந்த வீட்டில் நான் ஒருவன்தான்.

தரட்டுமா, அக்கா? அப்பாவுக்கு இல்லை. அம்மாவுக்கு மட்டும். சீக்கிரம் எழுது, என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
கணக்கில் வராத உன் தம்பி